ஆட்களுக்கு ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் வாங்கித் தருபவர்களின் கேள்விகள்

நான் தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலராக வேலை பார்க்கிறேன். ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: சார், நெடுஞ்சாலையில் ராத்திரி வேலை எடுத்திருக்கிறேன். கடையில் நூறு ரூபாய்க்கும் ஜாக்கெட் இருக்கிறது, ஆயிரத்துக்கும் இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: முதலில் உள்ளே தைத்த லேபிளைப் பாருங்கள். ஐஎஸ் 15809 (இந்தியத் தரம்) அல்லது ஐஎஸ்ஓ 20471 (சர்வதேசத் தரம்) என்று இருக்க வேண்டும். ஐஎஸ்ஓ தரத்தில் மூன்று வகுப்பு உண்டு. முதல் வகுப்புக்குப் பளிச் நிறத் துணி 0.14 சதுர மீட்டர், வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை 0.10 இருந்தால் போதும். மூன்றாம் வகுப்புக்குத் துணி 0.80, பட்டை 0.20 வேண்டும். உங்கள் வேலைக்கு மூன்றாம் வகுப்புதான். கையில்லாத வெஸ்ட்டைக் காட்டி "கிளாஸ் த்ரீ" என்றால் நம்பாதீர்கள். பட்டை வைத்த கையோ முழு பேன்ட்டோ சேராமல் அந்த வகுப்பு கிடையாது. அதற்குக் காரணம் இருக்கிறது. கைகாலோடு சேர்ந்து பட்டையும் அசையும்போதுதான், அங்கே நிற்பது டிரம் இல்லை, ஆள் என்று டிரைவருக்குப் புரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் 22 மீட்டர் தாண்டிவிடும்.

கேள்வி: துணியே பளிச்சென்று இருக்கிறதே, பட்டை எதற்கு?

பதில்: அந்தப் பளிச் பகலிலும் அந்தி நேரத்திலும்தான். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றும் சாயம் அது. ராத்திரியில் உதவுவது பட்டை. அதிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள் ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். சோதிக்க லேப் வேண்டாம். இருட்டில் புது ஜாக்கெட்டையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டுங்கள். சற்றுத் தள்ளி நின்று, டார்ச்சை உங்கள் கண்ணோரம் பிடித்து ஜாக்கெட்டுகள் மேல் அடியுங்கள். பழைய பட்டை மங்கலாகச் சாம்பல் நிறத்தில் தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: தூய்மைப் பணி பார்க்கும் பெண்களுக்கு ஜாக்கெட் கொடுத்திருக்கிறோம். அதற்குமேல் என்ன கவனிக்க வேண்டும் அண்ணா?

பதில்: அவர்கள் குனிந்து பெருக்கும்போது பின்னால் நின்று பாருங்கள். முந்தானை ஜாக்கெட்டுக்கு மேலே விழுந்து பட்டை மறைகிறதா? பட்டன் போட முடியாமல் திறந்தே கிடக்கிறதா? எல்லாருக்கும் ஒரே அளவு வாங்கினால் இப்படித்தான் ஆகும். புடவைக்கு மேல் போடும் நீளமான கோட்டாக, அளவெடுத்து வாங்குங்கள். அதற்கு முன் அவர்களையே இரண்டு மாதிரி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விடியற்காலை இருட்டில் ரோட்டில் நிற்கப்போவது அவர்கள்தானே. மழைக்கோட்டிலும் பட்டை இருக்க வேண்டும். இல்லாவிட்டால், மழையில் கண் மங்கும் நேரத்தில்தான் ஜாக்கெட் மறைந்துபோகும்.

கேள்வி: ஜாக்கெட்டுக்குச் சம்பளத்தில் பிடிக்கலாமா?

பதில்: கூடாது. பாதுகாப்புக்காகத் தரும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்று 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்கிறது.

கேள்வி: புழுங்குகிறது என்று ஆட்கள் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

பதில்: நம் ஊர் வெயிலில் அது நியாயமான புகார். வலைத்துணியில் தைத்தது வாங்குங்கள், மாற்றிப் போட ஆளுக்கு இரண்டு கொடுங்கள். இன்ஜினியர் வெறும் சட்டையில் சைட்டுக்குள் வந்தால் மேஸ்திரி சொல்வது எடுபடாது. வெல்டிங் ஆட்களுக்கு மட்டும் இந்த பாலியஸ்டர் வலைத்துணி வேண்டாம், பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அவர்களுக்குத் தீப்பிடிக்காத துணியில் தனியாக வருகிறது. கன்வேயர் பக்கம் வேலை செய்பவர்களுக்கு, ஜாக்கெட் சிக்கி இழுத்தால் பிரிந்துவிடும் வெல்க்ரோ வைத்தது கொடுங்கள்.

கேள்வி: ஜாக்கெட் எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டது. வேறென்ன?

பதில்: தூங்கி வழியும் டிரைவரை ஜாக்கெட் நிறுத்தாது. முன்னெச்சரிக்கைப் பலகை, வண்டிகளை ஒதுக்கிவிடும் கூம்பு வரிசை, தடுப்பு, இதெல்லாம் முதலில் வர வேண்டும். சாலைப் பணிக்கான வழிமுறை, இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (ஐஆர்சி) எஸ்பி 55 என்ற வழிகாட்டியில் இருக்கிறது. டெண்டர் தொகையில் அதற்கு ஒதுக்காமல் ஜாக்கெட்டோடு நிறுத்திக்கொள்வதை நான் ஏற்கவே மாட்டேன்.

கேள்வி: துவைப்பது எப்படி? எப்போது மாற்றுவது?

பதில்: ப்ளீச்சும் பிரஷ்ஷும் வேண்டாம். நிழலில் காயப்போடுங்கள், வெயிலில் சாயம் வெளுக்கும். எத்தனை துவைப்பு தாங்கும் என்று லேபிளில் போட்டிருந்தால், கொடுத்த தேதியைக் காலரில் எழுதிக் கணக்கு வையுங்கள். ஒதுக்கியதைக் கத்தரியால் வெட்டியே குப்பையில் போடுங்கள். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொண்டு ரோட்டில் இறங்குவார்கள்.