வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்கு ஓவியப் பாடத்திட்டம்: எதை எடுக்கலாம்?

கேள்வி: ஏழு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். மயிலாடுதுறைப் பக்கம் இருக்கிறோம். ஓவியத்துக்கு எந்தப் பாடத்திட்டம் நல்லது? எங்கள் இருவருக்குமே வரையத் தெரியாது.

பதில்:

ஏழு வயதுப் பிள்ளைக்கு எதையும் காசு கொடுத்து வாங்காதீர்கள். பத்து வயதுக்கு மட்டும், ஒரு பொருளைப் பார்த்து வரைவது எப்படி என்று படிப்படியாகச் சொல்லித்தரும் ஒன்றை எடுங்கள். கலை ரசனை, கலை வரலாறு என்று கூடவே சேர்த்து விற்கிறார்களே, அந்தப் பகுதிக்கு டெல்டாவில் இருந்துகொண்டு பணம் கொடுப்பது வீண். எங்கள் வீட்டிலும் இரண்டு பேர், கும்பகோணம் பக்கம். நானும் வரையத் தெரியாத அம்மாதான்.

விற்பனையில் இருப்பவற்றைப் பெரும்பாலும் மூன்று தினுசில் அடக்கிவிடலாம். ஒரு பருவம் முழுக்க ஒரே ஓவியரின் சில படங்களை நிதானமாகப் பார்த்துப் பேச வைப்பது ஒன்று. இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் காட்டிய வழி அது. கோடு, வடிவம், நிழல், நிறம் என்று திறனை வரிசையாக வளர்ப்பது இன்னொன்று. மூன்றாவது, இன்றைக்கு ஆந்தை, நாளைக்குப் பட்டாம்பூச்சி என்று வாரத்துக்கொரு பொம்மை செய்ய வைப்பது. பார்க்க ஜோராக இருப்பதும், அதிகம் விற்பதும் இந்த மூன்றாவதுதான். வாங்கும் முன், அதே பாடத்தைச் செய்த நாலைந்து பிள்ளைகளின் படங்களைத் தேடிப் பாருங்கள். எல்லா ஆந்தையும் ஒரே மாதிரி இருந்தால் அங்கே பிள்ளை ஒன்றும் செய்யவில்லை, பாடம் எழுதியவர்தான் செய்திருக்கிறார்.

வெளிநாட்டுத் தொகுப்புகளில் இன்னொரு தொல்லை. பனிமனிதன், சிவந்து உதிரும் மேப்பிள் இலை, பூசணிக்காய் முகம் என்று நம் பிள்ளை கண்ணால் காணாததாகவே வரும். அது ஒன்றும் குற்றமில்லை, அவர்கள் ஊரை அவர்கள் வரைகிறார்கள். ஆனால் காணாததை வரையச் சொன்னால் பிள்ளை படத்தைப் பார்த்துப் படம் போடும். நம் ஊரிலேயே இது நடக்கிறதே! டெல்டாவில் எந்தக் குழந்தையிடம் 'இயற்கைக் காட்சி வரை' என்றாலும் இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன். குன்று என்று ஒன்றைப் பார்க்க நாம் திருச்சிப் பக்கம் போக வேண்டும், சுவாமிமலைகூடக் கட்டுமலைதான்.

இலவசமாக ஒன்று வேண்டுமென்றால், மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி.யின் 'பான்சுரி' புத்தகத்தைப் பாருங்கள். மூன்றாம் வகுப்புக்கு 2024-ல் வந்தது. ஓவியம், இசை, நடனம், நாடகம் நான்கும் இருக்கும், பி.டி.எஃப். ஆகவே இறக்கிக்கொள்ளலாம். ஓவியப் பகுதியில் சுற்றுப்புறத்தைக் கவனிக்க வைக்கும் பயிற்சிகள் உண்டு. நாங்கள் அதை வரிசைப்படி நடத்துவதில்லை, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டு வயதுக்கும் ஏன் வெவ்வேறு பதில் என்று கேட்பீர்கள். விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வியாளர் 1947-லேயே பிள்ளைகள் வரைவதில் உள்ள கட்டங்களைப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். ஏழிலிருந்து ஒன்பது வரைக்கும் பிள்ளையிடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள வடிவம் இருக்கும். ஆள் என்றால் இப்படி, மரம் என்றால் இப்படி. கீழே ஒரு தரைக்கோடு, மேலே நீலப் பட்டையாக வானம், முக்கியமானவர் பெரிய உருவம். என் சின்னவன் வீட்டைவிடப் பெரிதாகப் பாட்டியை வரைவான். இதைத் திருத்தக் கூடாது. தாள், கிரேயான், களிமண், பெரிய தரை கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வாசலில் கோலம் போடும்போது பக்கத்தில் உட்கார வைத்து நாலு புள்ளிச் சிக்குக் கோலத்தைப் பழக்குங்கள். சமச்சீர் என்று தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஒன்பது, பத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கும். தான் போட்டது நிஜம்போல இல்லை என்று பிள்ளைக்கே தெரிய ஆரம்பிக்கிற வயது அது. "அம்மா, எனக்கு வரைய வராது" என்று பெரியவள் நோட்டை மூடி வைத்தது அந்த வயதில்தான். இந்த நேரத்தில் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது உதவாது, பிள்ளை நம்பாது. பார்க்கச் சொல்லித்தர வேண்டும். அதனால் பாடத்திட்டத்தைப் புரட்டும்போது மாதிரிப் பக்கங்களில் இதையே தேடுங்கள்: பொருளின் விளிம்பைக் கண்ணால் தொடர்ந்தபடி தாளைப் பார்க்காமல் கோடு இழுப்பது, பொருளை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை வரைவது, ஒரு கோட்டுப் படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்துப் போடுவது. தலைகீழாக வைத்தால் 'இது மூக்கு, இது கண்' என்ற பெயர் மறந்துபோய் வெறும் கோடு தெரியும், அதனால் சரியாக வரும். இந்தப் பயிற்சிகள் இருந்தால் விலை மலிவான பாடத்திட்டமே போதும். இல்லையென்றால் எவ்வளவு அழகாக அச்சிட்டிருந்தாலும் வேண்டாம். நாற்காலிக் கால்களுக்கு நடுவில் உள்ள இடத்தை வரையச் சொன்னபோதுதான் எங்கள் வீட்டு நோட்டு மறுபடி திறந்தது.

சரி, கலை ரசனைக்கு வருகிறேன். உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தாராசுரம் கோவில் இருக்கிறது. இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது, 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பிள்ளைகளோடு போனால் கோவில் முழுக்கச் சுற்றாதீர்கள். ஒருமுறைக்கு ஒரே ஒரு சிற்பம். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்கும் சின்னச் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. காளையின் கொம்பே யானையின் தந்தமாக எப்படி மாறுகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், அப்புறம் வரையட்டும். விமானத்தின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னதாகச் செதுக்கியிருக்கும். கதையைச் சொல்லிவிட்டு எது என்று தேடச் சொன்னால் பெரியவர்களுக்கே பொழுது போவது தெரியாது.

திருவாரூர் தேவாசிரிய மண்டபத்தின் கூரையில் முசுகுந்த சக்கரவர்த்தியின் கதை வரிசை வரிசையாக வரையப்பட்டிருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம். படக்கதை படிக்கிற பிள்ளைக்கு அது உடனே பிடிபடும். குரங்கு முகத்தோடு ஒரு ராஜா என்றால் கேட்கவும் வேண்டுமா! மண்டபம் திறந்திருக்குமா என்று கோவிலில் கேட்டுக்கொண்டு போங்கள். தஞ்சைப் பெரிய கோவில் கருவறைச் சுற்றில் உள்ள சோழர் ஓவியங்களைக் காட்டுவதாக மட்டும் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். 1931-ல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டறிந்தவை அவை. அந்தச் சுற்றுக்குள் பொதுவாக யாரையும் விடுவதில்லை. அதற்குப் பதில் அரண்மனைக் கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன, அங்கே தாராளமாக நின்று பார்க்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் சுவாமிமலையில் கிடைத்தது. அங்கே ஐம்பொன் சிலை வார்க்கும் ஸ்தபதிகள் அளவெடுக்க ஸ்கேல் தேடுவதில்லை. சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்துப் பங்கு பிரிக்கிறார்கள். முக நீளம்தான் அடிப்படை அளவு, மற்ற உறுப்பெல்லாம் அதிலிருந்து வரும். வீட்டுக்கு வந்ததும் நாங்களும் ஓலை நறுக்கினோம். உச்சியிலிருந்து முகவாய் வரை ஒரு தலை அளவு எடுத்து ஒவ்வொருவரையும் அளந்தால், பெரியவர்கள் ஏழு, ஏழரை தலை உயரம் வருவோம், சின்னப் பிள்ளைகள் ஆறு தலைக்கு முன்னே பின்னே. அன்றைக்குப் பிறகு பெரியவள் வரைந்த ஆட்களுக்குத் தலை பெருத்துப்போவது நின்றது. பட்டறைகளில் மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் பூசுவதையும் பார்த்தோம். வீட்டிலும் களிமண் வேலைக்குக் கடைப் பாக்கெட் வாங்க வேண்டியதில்லை. பானை செய்கிறவர்களிடம் கேட்டால் பிசைந்த மண்ணே கிடைக்கும்.

பொருள்களில் தாளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஏ4 தாள் வண்ணத்துக்குத் தாங்காது, சுருண்டுவிடும். கெட்டியான டிராயிங் தாள், 2பி, 4பி பென்சில், ஆயில் பேஸ்டல், போஸ்டர் கலரில் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கருப்பு போதும். பச்சை பாட்டில் வாங்காதீர்கள். குறுவை நடவின் பச்சையும் வாழையிலைப் பச்சையும் வேறு வேறு என்று கலக்கிப் பார்த்தால்தானே தெரியும்.

டிராயிங் கிளாஸுக்கு அனுப்பலாமா என்றால், பாடம் நடக்கும்போது அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மாஸ்டர் பலகையில் போட்டதை அப்படியே எல்லாரும் காப்பி அடித்தால் திரும்பி வந்துவிடலாம். தஞ்சாவூர் ஓவியம் கற்றுத்தருகிறோம் என்று இந்த வயதுப் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். டிரேஸ் எடுத்த படத்தில் கல் ஒட்டி, தங்க ரேக் ஒட்டுவது கை நிதானத்துக்கு நல்ல வேலைதான், ஆனால் வரையக் கற்றுத்தராது. பன்னிரண்டு, பதின்மூன்றுக்குத் தள்ளிப்போடுங்கள். அரசுத் தேர்வான லோயர், ஹையர் டிராயிங்கும் அப்படியே, இப்போது அவசரமில்லை.

பின்னால் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுத வைக்கும் எண்ணம் இருந்தால், அங்கே ஓவியம் ஒரு பாடமாகவே உண்டு, செய்முறைக்குத்தான் மதிப்பெண் கூடுதல். எனவே இப்போதிருந்தே படங்களைத் தூக்கிப் போடாமல், பின்பக்கம் தேதி எழுதி ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள். சின்னவர் படமென்றால், அது என்ன படம் என்று அவர் சொன்னதையும் எழுதிவிடுங்கள். மறுநாள் கேட்டால் வேறு கதை சொல்வார்.