கயிறு எறியும் பீரங்கி சேர்ப்பவர்களுக்கு: கேள்வி பதில்

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். தரை தட்டிய கப்பலுக்குக் கரையிலிருந்து கயிறு எறியும் பழைய கருவிகளைச் சேர்ப்பது என் பைத்தியம். வந்த கேள்விகளில் பதில் சொல்லத் தோன்றியவை கீழே.

லைல் பீரங்கி என்கிறார்களே, அது என்ன?

டேவிட் லைல் அமெரிக்கத் தரைப்படையின் படைக்கல அதிகாரி. உயிர்காப்புச் சேவையின் தலைவர் சம்னர் கிம்பல் எளிதில் இழுத்துச் செல்லக்கூடிய ஒரு பீரங்கி வேண்டும் என்று கேட்க, 1877-78இல் பல வடிவங்களைச் சோதித்து லைல் உருவாக்கியது இது. வெண்கலக் குழல், உட்புறம் வழவழப்பு, வாய் விட்டம் இரண்டரை அங்குலம். வண்டியோடு சேர்த்து சுமார் 84 கிலோ.

குண்டிலிருந்து ஒரு கம்பி பீரங்கி வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கயிற்றை அதன் நுனி வளையத்தில் கட்டுவார்கள். வெடிமருந்தின் தீ கயிற்றில் படாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. வெளியே வந்ததும் குண்டு திரும்பிக்கொள்ளும், கயிறு பின்னால் இழுபடும். தூரம் 600 கஜத்தையும் எட்டும்.

எறிவது மெல்லிய கயிறுதான். கப்பலில் இருப்பவர்கள் அதைப் பிடித்து இழுத்தால் கப்பியும், அதன் பின்னால் பெரிய வடமும் போகும். வடத்தில் கால்சட்டை தைத்த மிதவையைத் தொங்கவிட்டு ஒவ்வொருவராகக் கரைக்கு இழுப்பார்கள். கப்பியோடு போகும் பலகையில் எங்கே, எப்படிக் கட்ட வேண்டும் என்ற குறிப்பு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கும். அந்தப் பலகை உங்களுக்குக் கிடைத்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பதைச் சுட்டுப் பார்க்கலாமா?

கூடாது. முதலில் விளக்கு அடித்துக் குழலுக்குள் பாருங்கள். அப்புறம் ஒரு மரக்குச்சியை முட்டும்வரை விட்டு அடையாளம் போட்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்து அளந்து பாருங்கள். பற்றவைக்கும் துளைக்கு வெகுமுன்பே குச்சி நின்றிருந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. உடனே விலகி, விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

வெண்கலம் பச்சையாகிவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

குத்துவிளக்கா அது? தேய்க்காதீர்கள். பொறித்த எண்ணும் முத்திரையும் தேய்ந்துபோனால் அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல எதுவும் மிஞ்சாது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

இதை முதலில் கண்டுபிடித்தது லைல்தானா?

இல்லை. 1807இல் இங்கிலாந்தின் கிரேட் யார்மத் அருகே, கரைக்கு எட்டும் தூரத்தில் ஸ்னைப் என்ற போர்க்கப்பல் சிதறி மாலுமிகள் மாண்டதைப் பார்த்தவர் ஜார்ஜ் மேன்பி. குட்டையான மோர்ட்டார் பீரங்கியால் கயிறு எறியும் முறையை உருவாக்கி, 1808 பிப்ரவரியில் எலிசபெத் என்ற கப்பலிலிருந்து ஏழு பேரைக் காப்பாற்றினார். கயிறு எரிந்துபோகாமல் இருக்க, குண்டோடு சேரும் இடத்தில் பின்னிய தோல்வாரை வைத்தார். இங்கே நியூ ஜெர்சியில் 1850 ஜனவரியில் அயர்ஷயர் கப்பலிலிருந்து ஏறத்தாழ 200 பேர் கரை சேர்ந்ததும் மோர்ட்டார் எறிந்த கயிற்றால்தான். லைலுக்கு அப்போது சின்ன வயது.

(முன்னாள் கப்பல் அதிகாரி ஒருவர்) பீரங்கியை இவ்வளவு புகழ்கிறீர்கள். ராக்கெட்தானே மேல்?

சரி, இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கிலாந்தின் கார்ன்வாலில் ஹென்றி டிரெங்ரவுஸ் 1807 டிசம்பரில் ஆன்சன் கப்பல் அழிந்ததைப் பார்த்துத்தான் ராக்கெட் பக்கம் போனார். 1860களில் பாக்ஸர் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஒரே குழாயில் இரண்டு ராக்கெட்டுகளை அடுத்தடுத்து வைத்தார். பிரிட்டிஷ் கரைகளில் ராக்கெட் வேரூன்றிவிட்டது. அதில் ஒரு நல்ல குணம் உண்டு: கயிற்றை மெல்ல மெல்ல வேகமெடுக்க வைக்கும். பீரங்கி ஒரே உலுக்கில் இழுக்கும். அதனால்தான் அமெரிக்கர்கள் கயிற்றைப் பெட்டிக்குள் குச்சிகளில் வளைத்து வளைத்து அடுக்கி, சுடும் முன் குச்சிகளை உருவி எடுத்தார்கள்.

(அவரே மறுபடியும்) அப்போ ஒப்புக்கொள்கிறீர்கள்!

பாதிதான். ராக்கெட்டைக் காற்று தள்ளும், ஈரம் கெடுக்கும், ஒருமுறை எரிந்தால் போச்சு. பீரங்கிக்குக் கொஞ்சம் மருந்தும் இன்னொரு குண்டும் போதும்.

(மூன்றாம் முறை) கப்பலில் எடுத்துப் போக எது? 84 கிலோவா?

இங்கே நீங்கள் ஜெயித்தீர்கள். கப்பலில் சுமக்க, பிரிட்டனின் வில்லியம் ஷெர்முலி உருவாக்கிய, கைத்துப்பாக்கியிலிருந்து கயிற்றோடு பாயும் ராக்கெட்தான் வசதி. 1929இல் பிரிட்டன் தன் கப்பல்களில் கயிறு எறியும் கருவியைக் கட்டாயமாக்கியபோது அவர் நிறுவனத்துக்குத்தான் யோகம். இன்றைய சர்வதேச விதியும் குறைந்தது நான்கு எறிபொருள்கள், ஒவ்வொன்றும் 230 மீட்டர் என்று கேட்கிறது. ஆனால் சேர்ப்பவனுக்கு? உருண்ட ராக்கெட் குழாயை அலமாரியில் வைத்து எவ்வளவு நேரம்தான் பார்ப்பது! வெண்கலம் வெண்கலம்தான்.

குஜராத்தின் அலங்கில் உடைத்த கப்பலிலிருந்து ஷெர்முலி துப்பாக்கி வாங்கினேன். ராக்கெட்டும் கூடவே வந்தது.

ராக்கெட்டைத் தொடாதீர்கள், பிரித்துப் பார்க்காதீர்கள். காவல்துறைக்குச் சொல்லுங்கள். துப்பாக்கிக்கு இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. அதன் 45ஆவது பிரிவில் பழம்பொருளுக்கு விலக்கு உண்டு, ஆனால் பழுது பார்த்தால்கூடச் சுட முடியாததாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. வழக்கறிஞரைப் பாருங்கள், என்னை நம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் இதற்கு உரிமம் வேண்டாம்தானே?

கயிறு எறியும் கருவியை 'அழிவுக் கருவி' (வெடிகுண்டு போன்றவை) என்ற சட்ட வகையில் சேர்க்க மாட்டார்கள். அதனால் மட்டும் அது துப்பாக்கியே இல்லை என்று ஆகிவிடாது. 1898 முடிய செய்ததா, பிற்காலத்தில் தோட்டா போடும்படி செய்ததா என்று முதலில் பாருங்கள். மாநிலச் சட்டம் தனி.

என் பீரங்கி என்ன விலை போகும்?

தெரியாத பொருளுக்கு விலை சொல்ல மாட்டேன்.

படம் அனுப்பியிருக்கிறேன். லைல்தானே? விலை?

வாய் விட்டம் ஒன்றரை அங்குலம், ஒரு கையில் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள். அலங்காரப் பொருள். பளபளவென்று வேறு இருக்கிறது. புளியா?

செயல்விளக்கம் எங்கே பார்க்கலாம்?

வட கரோலைனாவில் ரோடாந்தே ஊரின் சிக்கமகோமிகோ உயிர்காப்பு நிலையத்தில், கோடையில்.

தாத்தாவின் பெட்டியில் ஒன்று கிடைத்தது. தீபாவளிக்குச் சும்மா மருந்து மட்டும் போட்டு வெடிக்கலாமா?

மேலே இரண்டாவது கேள்வியைப் படித்தீர்களா? குச்சி எது வரை போயிற்று என்று முதலில் எழுதுங்கள்.