ஒரே ஒரு செல், எத்தனை ஏற்பாடுகள்!

ஒரே செல்லால் ஆன புரோட்டோசோவா ஒட்டுண்ணிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லித்தருபவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மேடம், குடலில் எல்லாம் கீழே நகர்ந்துகொண்டே இருக்கும்போது ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி மட்டும் எப்படி நிற்கிறது?

பதில்: அதன் அடிப்பக்கத்தில் நுண்குழல்களால் ஆன ஓர் ஒட்டுத்தட்டு இருக்கிறது. அதை வைத்துச் சிறுகுடல் சுவரைப் பற்றிக்கொள்ளும். செல்லுக்குள் நுழையவே நுழையாது. பிடி விட்டால் நீந்த, சாட்டை போன்ற நான்கு ஜோடி கசையிழைகள். நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள்: நெடுக்காகப் பிளந்த பேரிக்காய் போல உடல், கண்கள் மாதிரி இரண்டு உட்கருக்கள், உதிர்ந்த இலை புரண்டு புரண்டு விழுவது போல நகர்வு. 1681லேயே நுண்ணோக்கி முன்னோடி லேவன்ஹூக் தன் மலத்திலேயே இதைப் பார்த்துவிட்டார்.

கேள்வி: வீட்டுத் தண்ணீரில் குளோரின் போட்டால் போதுமா?

பதில்: எல்லாவற்றுக்கும் போதாது. உடலுக்கு வெளியே இந்தக் குடல் ஒட்டுண்ணிகள் தடித்த உறைக்குள் சிஸ்டாக இருக்கும். அமீபா சிஸ்டின் சுவரில் இருப்பது கைட்டின், இறால் ஓட்டில் இருக்கும் அதே பொருள். வயிற்று அமிலத்தையும் தாண்டிக் குடலுக்குப் போய்த்தான் உடையும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு குடல் ஒட்டுண்ணி இன்னும் மோசம். 1993ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வழியாகவே சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. நன்றாகக் கொதிக்கவிட்டுக் குடியுங்கள்.

கேள்வி: லேப் டெக்னீஷியன் படிக்கிறேன். ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமியின் இரத்த ஸ்லைடில் இளம் மோதிர வடிவங்கள்தான் தெரிகின்றன. வளர்ந்தவை எங்கே போகின்றன?

பதில்: அருமையான கேள்வி. ஒட்டுண்ணி வளர வளரச் சிவப்பணு விறைத்துப்போகும். விறைத்த அணுவை மண்ணீரல் பிடித்து அழித்துவிடும். அதனால் மண்ணீரல் பக்கமே போகாமல் இருக்க ஒட்டுண்ணி ஒரு வழி வைத்திருக்கிறது. தான் செய்த புரதத்தைச் சிவப்பணுவின் மேற்பரப்புக்கு அனுப்பி, அங்கே சின்னச் சின்னக் குமிழ்களை எழுப்புகிறது. அந்தக் குமிழ்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். 48 மணி நேரச் சுழற்சியின் பிற்பாதி முழுக்க அங்கேயே தங்கிவிடும். விரலில் குத்தி எடுத்த இரத்தத்தில் அது எப்படி வரும்? மோதிரங்களும், சில நேரம் கேமிட்டோசைட்டுகள் எனப்படும் வாழைப்பழ வடிவப் பாலினச் செல்களும்தான் கிடைக்கும். இந்த ஒட்டுதல் மூளையின் குழாய்களில் நடக்கும்போதுதான் உயிருக்கே ஆபத்தாகிறது. ஆகவே ஸ்லைடில் கிருமி குறைவாகத் தெரிகிறதே என்று நோயாளியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேள்வி: மலேரியாக் கிருமிக்குள் பசுங்கணிகம் இருக்கிறதாமே?

பதில்: அதன் எச்சம் இருக்கிறது, பெயர் ஏபிகோபிளாஸ்ட். எப்போதோ விழுங்கிய சிவப்புப் பாசியின் மிச்சம். ஒளிச்சேர்க்கை போய்விட்டது, ஆனால் கிருமிக்கு அவசியமான சில பொருள்கள் அங்கேதான் தயாராகின்றன. பசுங்கணிகமே பாக்டீரியா வழி வந்த உறுப்பு என்பதால், பாக்டீரியாவுக்கு எதிரான டாக்சிசைக்ளின் மருந்து அதைத் தாக்குகிறது.

கேள்வி: ஆப்பிரிக்காவின் தூக்க நோய்க் கிருமி இரத்தத்திலேயே நீந்துகிறது. எதிர்ப்பொருள்கள் சும்மா விடுமா?

பதில்: விடாது. ஆனால் டிரிப்பனோசோமா என்ற இந்தக் கிருமி ஒரே வகைப் புரதத்தால், சுமார் 1 கோடி மூலக்கூறுகளால், உடல் முழுக்கப் போர்த்திக்கொள்கிறது. நம் உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பொருள் தயாரிப்பதற்குள் சில கிருமிகள் வேறு போர்வைக்கு மாறியிருக்கும். இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுதான் பெரிய வியப்பு: அது முன்னோக்கி நீந்தும் வேகத்திலேயே, மேலே ஒட்டிய எதிர்ப்பொருள்கள் பின்னால் தள்ளப்படும். பின்பக்கம் கசையிழை கிளம்பும் இடத்தில் ஒரு சின்னப் பை இருக்கிறது. அங்கே போனதும் அவற்றை உள்ளே இழுத்துச் செரித்துவிடும்.

கேள்வி: காலா அசார் (கருங்காய்ச்சல்) கிருமியை நம் வெள்ளணுவே விழுங்குகிறதே, அப்புறம் ஏன் சாவதில்லை?

பதில்: மணல் ஈ கடிக்கும்போது நீளக் கசையிழையோடு வரும் அந்தக் கிருமி, லீஷ்மேனியா, மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுவுக்குள் போனதும் அதைச் சுருக்கிக்கொண்டு உருண்டையாகிவிடும். மற்றவற்றைக் கொல்லும் அமிலப் பைக்குள்ளேயே இது பெருகும். 1903ல் சென்னையில் டோனோவன் என்ற மருத்துவர் நோயாளிகளின் மண்ணீரலில் பார்த்தது இந்த உருண்டைகளைத்தான். ஸ்லைடில் பார்க்கும்போது உட்கருவோடு நிறுத்திவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு குட்டிக் கோடு, கைனட்டோபிளாஸ்ட், தெரிகிறதா என்று தேடுங்கள். அது இருந்தால் லீஷ்மேனியா.