எஸ்ஐபி லாபத்தை மூன்றால் வகுக்கலாமா?

கேள்வி: ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்ட் ஒன்றில் மாதம் 5,000 ரூபாய் வீதம் 36 மாதம் எஸ்ஐபி கட்டியிருக்கிறேன். கட்டியது 1,80,000 ரூபாய். இன்றைய மதிப்பு 2,17,538. ஆப்பில் ‘ஆப்சல்யூட் ரிட்டர்ன்’ 20.85%, ‘எக்ஸ்ஐஆர்ஆர்’ 12.7% என்று இரண்டு எண்கள் காட்டுகிறது. 20.85-ஐ மூன்றால் வகுத்தால் ஆண்டுக்கு 7% கூட வரவில்லை. எல்லாவற்றையும் எடுத்து எஃப்டியில் போட்டுவிடலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: அவசரப்பட வேண்டாம். வகுத்த இடத்தில்தான் தவறு.

ஆப்சல்யூட் ரிட்டர்ன் என்பது கட்டிய தொகைக்கு மேல் மொத்தம் எவ்வளவு சதவீதம் கூடியிருக்கிறது என்பது மட்டுமே. 37,538 ரூபாய் லாபத்தை 1,80,000-ஆல் வகுத்தால் 20.85%. இதில் காலக்கணக்கே கிடையாது. அதை மூன்றால் வகுக்கும்போது, முழு 1,80,000 ரூபாயையும் முதல் நாளே போட்டதாக ஆகிவிடுகிறது. உண்மையில் உங்கள் முதல் 5,000 மட்டுமே மூன்று ஆண்டுகள் வேலை செய்தது. கடைசித் தவணை போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. சராசரியாகப் பார்த்தால் உங்கள் பணம் ஃபண்டில் இருந்தது ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல்.

ஒவ்வொரு தவணையும் எந்தத் தேதியில் போனது என்று பார்த்து ஆண்டு வருமானத்தைச் சொல்வது எக்ஸ்ஐஆர்ஆர். ஆகவே உங்களுக்கான எண் 12.7%. ஒப்பிட வேண்டியதும் மொத்தமாகப் போடும் எஃப்டியோடு அல்ல, மாதாமாதம் கட்டும் ஆர்டியோடு. காலாண்டுக் கூட்டு வட்டியில் 7% தரும் ஆர்டியில் இதே 36 தவணைகளைக் கட்டியிருந்தால் சுமார் 2,00,700 ரூபாய் வந்திருக்கும். அதன் ஆப்சல்யூட் ரிட்டர்ன் 11.5%தான், மூன்றால் வகுத்தால் 4% கூடத் தேறாது! ஆனால் ஆர்டி வட்டி முன்கூட்டியே உறுதியானது, உங்கள் 12.7% அப்படியல்ல. சந்தை இறங்கினால் இந்த எண்ணும் இறங்கும்.

ஆப் காட்டுவதை நீங்களே சரிபார்க்கலாம். எக்செல்லில் முதல் பத்தியில் தேதிகள், இரண்டாவதில் தொகைகள். கட்டிய 36 தவணைகளுக்கும் கழித்தல் குறி போடுங்கள். 37-வது வரியில் இன்றைய தேதியும் இன்றைய மதிப்பும், கழித்தல் குறி இல்லாமல். பிறகு எக்ஸ்ஐஆர்ஆர் ஃபார்முலாவில் முதலில் தொகைப் பத்தி, அடுத்து தேதிப் பத்தி. விடைக்குப் பதில் பிழைச் செய்தி வந்தால் பெரும்பாலும் கழித்தல் குறி விடுபட்டிருக்கும், அல்லது தேதி வெறும் எழுத்தாகப் பதிவாகியிருக்கும். ஓராண்டு நிறையாத முதலீட்டுக்கு இந்த எண்ணை நம்ப வேண்டாம்: மூன்று மாதத்தில் கிடைத்த 5% லாபத்தை அது 21.5% என்று ஊதிக் காட்டும்.

ஸ்டேட்மென்ட்டில் கண்ணில் படும் மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். என்ஏவி ஒரு யூனிட்டின் அன்றைய விலை, அவ்வளவே. 10 ரூபாய் என்ஏவி மலிவும் அல்ல, 400 ரூபாய் விலை அதிகமும் அல்ல. 5,000 கட்டியும் 4,999.75 என்று பதிவாகியிருப்பது 0.005% முத்திரைத் தீர்வையால். 2020 ஜூலை முதல் இது உண்டு. ஃபண்டின் பெயரோடு ‘ரெகுலர்’ என்று இருந்தால் விநியோகஸ்தரின் கமிஷன், ஃபண்டை நடத்தப் பிடிக்கும் செலவு விகிதத்துக்குள் அடங்கியிருக்கிறது. அது தினமும் என்ஏவியிலேயே கழிந்துவிடுவதால் தனி வரியாக எங்கும் தெரியாது. ‘டைரக்ட்’ திட்டத்தில் அந்தக் கமிஷன் இல்லை. இரண்டுக்கும் ஒரு சதவீத வித்தியாசம் என்று வைத்தால், இன்றைய உங்கள் தொகைக்கே ஆண்டுக்குச் சுமார் 2,175 ரூபாய். ஆலோசனை சொல்ல ஆள் தேவையில்லை என்றால், இனி வரும் தவணைகளை டைரக்டில் தொடங்குங்கள். பழைய யூனிட்களை மாற்றினால் அது விற்பனையாகவே கணக்கில் வரும்.

எஸ்ஐபியில் ஒவ்வொரு தவணைக்கும் ஓராண்டுக் கணக்கு தனித்தனி. பல ஈக்விட்டி ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் எடுத்தால் எடுக்கும் தொகையில் 1% எக்ஸிட் லோடு, அதாவது வெளியேறும் கட்டணம், உண்டு. உங்கள் ஃபண்டில் எவ்வளவு என்று திட்ட ஆவணத்தில் பாருங்கள். இன்று எல்லாவற்றையும் எடுத்தால், கடைசி 12 தவணைகளின் சுமார் 64,000 ரூபாய்க்கு ஏறத்தாழ 640 ரூபாய் எக்ஸிட் லோடு போகும். ஓராண்டு ஆகாததால் அவற்றின் 4,000 ரூபாய் லாபத்துக்கு 20% குறுகிய கால வரி, ஏறக்குறைய 800 ரூபாய்; செஸ் தனி. முதல் 24 தவணைகளின் லாபம் சுமார் 33,500. ஒரு நிதியாண்டில் நீண்ட கால லாபம் 1.25 லட்சத்தைத் தாண்டினால்தான் 12.5% வரி என்பதால், வேறு பங்கு, ஃபண்ட் விற்பனை லாபம் இல்லாவிட்டால் இதற்கு வரி வராது.

முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்றதாகக் கணக்கிடப்படும். எனவே பணம் கட்டாயம் தேவைப்பட்டால் 1,50,000 ரூபாய் வரை மட்டும் எடுங்கள்; எக்ஸிட் லோடும் இல்லை, குறுகிய கால வரியும் இல்லை.