ஒரு கோப்பைக்கு ஒரு கதை

அன்புள்ள ஐயா,

தினமும் காலையில் வீடு விழிப்பதற்கு முன் எனக்கென்று முக்கால் மணி நேரம் கிடைக்கிறது. காபி போட்டுக்கொண்டு ஏதாவது ஒரு சிறுகதைத் தொகுப்போடு உட்கார்ந்துவிடுவேன். சில நாள் மூன்று கதைகள்கூட முடிந்துவிடும். ஆனால் வாரக் கடைசியில் யோசித்துப் பார்த்தால் எந்தக் கதையும் தனியாக நினைவில் நிற்பதில்லை. நன்றாக இருந்தது என்கிற எண்ணம்தான் மிஞ்சுகிறது. தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னேன். "காபியோடு படித்தால் அப்படித்தான். சிறுகதை எல்லாம் பொழுதுபோக்கு. தீவிரமாகப் படிக்கணும்னா நாவலுக்குப் போ" என்றாள். இரண்டையும் விட்டுவிட வேண்டுமா? இரவிலும் இப்படி ஒரு நேரம் ஒதுக்கலாமா என்று வேறு நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ம.

அன்புள்ள ம.,

இரண்டையும் விட வேண்டாம். ஒரு கோப்பைக்கு ஒரு கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கதையும் காபி தீர்வதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். மிச்சக் காபியைப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு குடியுங்கள். நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான், ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விட்டால் இது ஏதோ வீட்டு வைத்தியம் மாதிரி ஆகிவிடும்.

சிறுகதையின் அளவைப் பற்றித் தெளிவாக யோசித்தவர்களில் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ முக்கியமானவர். 1842-ல் சக எழுத்தாளர் நதானியேல் ஹாதோர்னின் கதைகளுக்கு எழுதிய மதிப்புரையில், அரை மணியிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் படித்து முடிக்கக்கூடியது என்று ஒரு கணக்குச் சொல்கிறார். ஒரே அமர்வில் படிக்கும்போது வாசகரின் மனம் எழுத்தாளரின் வசத்தில் இருக்கிறது, நடுவில் எழுந்து போனால் உலக விவகாரங்கள் உள்ளே புகுந்து கதை உண்டாக்கியதைக் கலைத்துவிடும் என்பது அவர் வாதம். படிக்கும் நேரத்தைப் பற்றி இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் கடைசி வரியைப் படித்த பிறகு வரும் பத்து நிமிடத்தையும் அந்த அமர்வோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

நாவலுக்கு அந்தப் பத்து நிமிடம் தனியாகத் தேவைப்படுவதில்லை. நாவலை நாம் நாள் கணக்கில் படிக்கிறோம். ஒரு அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் சமைக்கிறோம், வேலைக்குப் போகிறோம், தூங்குகிறோம். அந்த இடைவெளியில் எல்லாம் அந்த மனிதர்கள் நமக்குள் நடமாடிக்கொண்டே இருக்கிறார்கள். சிறுகதைக்கு அப்படி இடைவெளி கிடையாது. அது மனதில் ஊற வேண்டிய நேரம் மொத்தமும் முடிந்த பிறகுதான் வருகிறது. அந்த நேரத்தில் அடுத்த கதையின் முதல் வரியைக் கொண்டுவந்து வைத்தால் முந்தைய கதைக்கு இடம் எங்கே? உங்களுக்கு மூன்று கதைகளும் ஒன்றோடொன்று கலந்துபோவது இதனால்தான். உங்கள் ஞாபகசக்தியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

ஒரு உதாரணம். புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். மணிக்கொடி இதழில் 1934-ல் வந்த கதை, அச்சில் சில பக்கங்கள்தான். மெதுவாகப் படித்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. அடிபட்டுப் படுத்திருக்கும் கணவன் பால் கஞ்சி கேட்கிறான். கையில் காசு இல்லாத அம்மாளு இருட்டுச் சந்துக்குள் போய் முக்கால் ரூபாய் சம்பாதித்து வருகிறாள். கடைசியில் கதைசொல்லி நம் பக்கம் திரும்பி, கற்பைப் பற்றிப் பேசும் நம்மை நேராகவே கேட்டுவிடுகிறார். அதோடு கதை முடிந்தது. உடனே பக்கத்தைப் புரட்டினால் ஓர் ஆவேசமான கடைசி வரி மட்டும்தான் நமக்குக் கிடைக்கும். புரட்டாமல் உட்கார்ந்திருங்கள். கொஞ்ச நேரத்தில் கை தானாக முதல் பக்கத்துக்குப் போகும். அங்கேயும் நம்மை நோக்கி ஒரு கேள்விதான் இருக்கிறது: பொன்னகரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோமா என்று. முதல் தடவை அதை ஊரை அறிமுகப்படுத்தும் வரியாக நினைத்துத் தாண்டிப் போயிருப்போம். இப்போது அது வேறு கேள்வி. கதை ஆரம்பத்திலிருந்தே நம்மைக் கூண்டில் நிறுத்திவைத்திருந்தது என்பது அப்போதுதான் உறைக்கிறது. அந்த இரண்டாவது பார்வை இல்லாமல் இந்தக் கதையைப் படித்ததாகவே நான் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன். படிக்கப் பத்து நிமிடம் போதும் என்பதால் ஒரு எழுத்து பொழுதுபோக்கு ஆகிவிடாது என்பதற்கும் இதுவே போதும். இதை உங்கள் தோழிக்குப் படிக்கக் கொடுங்கள்.

இனி காபி. அதை நான் வெறும் அலங்காரமாக நினைக்கவில்லை. அது வாசிப்புக்கு உருப்படியாக உதவுகிறது. முதலில், கையைக் கட்டிப்போடுகிறது. ஒரு கையில் புத்தகம், இன்னொன்றில் கோப்பை என்றால் போனுக்கு இடமில்லை. அப்புறம், சூடான காபியை அவசரமாகக் குடிக்க முடியாது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் சொல்லியிருக்கிறது. அதனால் ஆறவிட்டே ஆரம்பியுங்கள்.

கவனித்துப் பாருங்கள், கை கோப்பைக்குப் போவது பெரும்பாலும் பத்தி முடிகிற இடத்தில்தான். ஒரு மிடறு குடிக்கும் நேரத்துக்குக் கண் எழுத்தை விட்டு விலகுகிறது. எழுத்தாளர் அந்த இடத்தில் பத்தியை உடைத்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கும், அந்த நிறுத்தம் நமக்கும் கிடைத்துவிடுகிறது. நல்ல உரையாடல் ஓடும் பக்கங்களில் கோப்பை மறந்தே போகும். ஒரு கதை முடிந்ததும் கோப்பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று நான் பார்ப்பது வழக்கம். பாதிக்கு மேல் இருந்தால் அந்தக் கதையை இன்னொரு நாள் மறுபடியும் படிப்பேன்.

மிச்சக் காபி ஆறிப்போயிருக்குமே என்பீர்கள். இருக்கட்டும். தரம் பார்ப்பதற்காகக் காபியைச் சுவைப்பவர்கள் ஒரே கோப்பையைச் சூடாக, வெதுவெதுப்பாக, ஆறிய பிறகு என்று திரும்பத் திரும்பச் சுவைத்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். சூட்டில் மறைந்திருக்கும் புளிப்பும் இனிப்பும் குறைகளும் ஆறினால்தான் வெளியே தெரியும். கதையும் சூடு தணிந்த பிறகுதான் தன் குறையைக் காட்டும். படிக்கும்போது கண் கலங்கவைத்த ஒரு முடிவு, ஐந்து நிமிடம் கழித்துச் செயற்கையாகத் தெரிவது உண்டு. அதைக் கண்டுபிடிப்பதும் வாசிப்புதான்.

உடம்பின் கணக்கும் இதற்குத் தோதாக இருக்கிறது. காபியில் உள்ள கஃபீன் குடித்த உடனே வேலை செய்வதில்லை. ரத்தத்தில் அது உச்சத்துக்கு வரப் பொதுவாக அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகிறது. மூளையில் சோர்வை உண்டாக்கும் அடினோசின் என்ற வேதிப்பொருள் போய் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்வதால்தான் நமக்கு விழிப்பு வருகிறது. அதாவது, முதல் மிடறிலிருந்து அரை மணி கழிந்து, கதையை முடித்துவிட்டு நீங்கள் யோசிக்க உட்காரும்போதுதான் அந்த விழிப்பு உண்மையில் வந்து சேரும். அதை அடுத்த கதைக்கு ஏன் செலவழிக்க வேண்டும்?

பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் 2015-ல் பொது இடங்களில் கதை தரும் இயந்திரங்கள் வைத்தார்கள். ஒரு நிமிடமா, மூன்றா, ஐந்தா என்று பொத்தானை அழுத்தினால், அந்த நேரத்துக்குள் படிக்கக்கூடிய ஒரு கதை நீளமான தாளில் அச்சாகி இலவசமாக வரும். காத்திருப்பவர்களின் பொழுதைப் போக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் எனக்கு அதில் பிடித்தது வேறு. கையில் வருவது ஒரே ஒரு கதை, புரட்டுவதற்கு அடுத்த பக்கம் இல்லை. நம் முறை வரும் வரைக்கும் அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தொகுப்பு வைத்துப் படிக்கும் நாம் இதை நாமாகச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இரவு விஷயத்துக்கு வருகிறேன். இரவில் கதை படியுங்கள், காபி வேண்டாம். உடம்பில் சேர்ந்த கஃபீன் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்குக் குடித்தால் இரண்டு மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கும். சிலருக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும். தூக்கம் கெட்டால் உங்கள் காலை முக்கால் மணி நேரம்தான் முதலில் பறிபோகும். இரவில் புதுக்கதை எதையும் எடுக்காமல், காலையில் படித்த அதே கதையின் முதல் பக்கத்தை மட்டும் ஒருமுறை பாருங்களேன். ஐந்து நிமிடம் போதும்.

புதிய தொகுப்பு எதுவும் வாங்க வேண்டாம். ஏற்கெனவே படித்ததில், தலைப்பைப் பார்த்தும் கதை ஞாபகம் வராத ஒன்றை நாளைக் காலை எடுங்கள். கோப்பையில் பாதி இருக்கும்போதே அது முடிந்துவிட்டால் எந்தக் கதை என்று எனக்கு எழுதுங்கள், நானும் படிக்கிறேன்.

அன்புடன்.