அதிபர் எடுத்த முடிவால்தான் ஆதரவு சரிந்ததா?

கேள்வி: அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். அமெரிக்க அதிபர்களின் முடிவுகள் அரசின் மீதான மக்கள் ஆதரவை எப்படி மாற்றுகின்றன என்பதுதான் என் ஆய்வுக் கட்டுரை. 1998 இறுதிக்கு ஒரு கருத்துக்கணிப்பு 73 சதவீதம் என்கிறது. அதே ஆண்டுக்கு இன்னொன்று ஏறக்குறைய அதில் பாதிதான் காட்டுகிறது. எதை எடுத்துக்கொள்வது?

பதில்: இரண்டுமே சரி. கேட்ட கேள்விதான் வேறு. 73 என்பது பில் கிளிண்டன் அதிபர் வேலையைப் பார்க்கும் விதத்தை ஏற்கிறீர்களா என்று கேலப் நிறுவனம் கேட்டதற்குக் கிடைத்த விடை. மற்றது, வாஷிங்டனில் உள்ள அரசு சரியானதைச் செய்யும் என்று நம்புகிறீர்களா என்ற கேள்விக்கானது. இதை 1958 முதல் கேட்டு வருகிறார்கள். 1964இல் 77 சதவீதம் பேர் நம்பினார்கள். அண்மை ஆண்டுகளில் அது 20ஐ ஒட்டியே நிற்கிறது. மூன்றாவதாக, காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம் பற்றிய கேள்வி ஒன்றும் உண்டு. 2013 நவம்பரில் ஒபாமாவுக்கு 40ஐ ஒட்டி ஆதரவு இருந்தபோது காங்கிரசுக்கு வெறும் 9 சதவீதம். உங்கள் கட்டுரையில் 'அரசு' என்று எழுதும் ஒவ்வொரு இடத்திலும் இந்த மூன்றில் எதைச் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். மாணவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்.

சரி, அதிபரின் செயல் எண்ணை மாற்றுமா? மாற்றும். தெளிவான உதாரணம் ஜெரால்ட் ஃபோர்டு. 1974 செப்டம்பர் 8 அன்று அவர், வாட்டர்கேட் ஊழலால் பதவி விலகியிருந்த முன்னாள் அதிபர் நிக்சனுக்கு முழு மன்னிப்பு வழங்கினார். ஆகஸ்டில் 71 ஆக இருந்த ஆதரவு செப்டம்பர் கடைசியில் 50 ஆகிவிட்டது. ஆனால் அந்த 21 புள்ளியையும் மன்னிப்பின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அறிவிப்பு வந்த நாட்களில் நடந்துகொண்டிருந்த கணிப்பிலேயே அது 66க்கு இறங்கியிருந்தது. 'முன்' என்று எந்தத் தேதியை வைக்கிறீர்களோ, அதைப் பொறுத்து உங்கள் முடிவே மாறிவிடும்.

கிளிண்டன் விஷயம் இதற்கு நேர் எதிர். மோனிகா லெவின்ஸ்கியுடனான உறவை மறைத்த விவகாரத்தில், 1998 டிசம்பர் 19 அன்று காங்கிரசின் கீழவையான பிரதிநிதிகள் சபை அவர் மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டை நிறைவேற்றியது. ஆதரவு விழுந்திருக்க வேண்டும் அல்லவா? அவர் பதவிக்காலத்திலேயே உயர்ந்த 73 அப்போதுதான் வந்தது. வேலையின்மை 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தது, 1969க்குப் பிறகு முதல்முறையாக பட்ஜெட்டில் உபரி வந்திருந்தது. அவருடைய நடத்தையையும் அவருடைய வேலையையும் மக்கள் தனித்தனியாக எடைபோட்டார்கள் என்றே நான் கருதுகிறேன்.

சில ஏற்றங்களுக்கு அதிபர் எதுவுமே செய்திருக்க வேண்டியதில்லை. 2001 செப்டம்பர் 11க்கு முந்தைய நாட்களில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷுக்கு 51, இரண்டே வாரத்தில் 90. அடுத்த மாதம் காங்கிரசுக்கே 84 கிடைத்தது. நாடு தாக்கப்பட்டதும் கொடியின் பின்னால் திரண்ட மக்கள் அவர்கள். அந்தத் திரட்சி கரைந்தும் போகும். வளைகுடாப் போர் முடிந்ததும் 89 பெற்ற அவருடைய தந்தை, பொருளாதாரம் மந்தமானதும் 1992 கோடையில் 29க்கு வந்தார், நவம்பரில் தோற்றார்.

அப்புறம், அரசின் மீதான நம்பிக்கையைக் கட்சிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். இதை விட்டுவிட்டால் கட்டுரையே பிசகிவிடும். வெள்ளை மாளிகையில் ஆள் மாறினால் நம்புகிறவர்களும் இடம் மாறுகிறார்கள். குடியரசுக் கட்சி அதிபர் வந்தால் அக்கட்சியினரிடம் நம்பிக்கை கூடுகிறது, ஜனநாயகக் கட்சியினரிடம் குறைகிறது. அடுத்தவர் வந்ததும் அது தலைகீழாகிறது. மொத்த எண் மட்டும் பெரிதாக அசைவதில்லை. அதை மட்டும் பார்ப்பவர், அதிபருக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று எழுதிவிடுவார்.

இனி வேலைக்கு வருவோம். ஒரே நிறுவனம் ஒரே வாசகத்தில் கேட்ட கணிப்புகளை மட்டும் ஒப்பிடுங்கள். வழக்கமான கணிப்பில் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 3, 4 புள்ளி இருக்கும். அதனால் 2 புள்ளி நகர்வுக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். பக்கத்தில் அந்த மாதத்து வேலையின்மையையும் விலைவாசியையும் வைத்துக்கொள்ளுங்கள். அதிபர் ஆதரவு எண்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் நடத்தும் அதிபர் ஆவணத் தளத்தில் தேதியோடு கிடைக்கும். அரசு மீதான நம்பிக்கைக்கு பியூ ஆய்வு மையம் 1958 முதலான தொடரைத் தொகுத்து வைத்திருக்கிறது.

எல்லா அதிபர்களையும் எடுக்காதீர்கள். ஃபோர்டின் மன்னிப்பு, கிளிண்டனின் பதவிநீக்கக் குற்றச்சாட்டு, இந்த இரண்டே போதும். 1974 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரையிலான அட்டவணையை முதலில் போட்டுப் பாருங்கள்.