பழைய கண் ஆய்வுத் தரவை ஆராய நிதி கிடைக்குமா?

புதிதாக யாரையும் பரிசோதிக்காமல், ஏற்கெனவே திரட்டிய தரவை மட்டும் ஆராய மானியம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும், அமெரிக்காவின் தேசியக் கண் ஆய்வு நிலையம் இதற்கெனத் தனி மானியமே வழங்கியிருக்கிறது. சிங்கப்பூரில் தேசிய மருத்துவ ஆய்வு மன்றத்தை நாடலாம்.

2004-இல் மலாய்க்காரர்களிடம் தொடங்கி, பின்னர் இந்தியர், சீனர் என விரிந்த இங்குள்ள கண் நோய் ஆய்வில், 40 வயதும் அதற்கு மேலுமான 10,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் விழித்திரைப் படங்களுடன் திரட்டப்பட்டிருப்பதால், நீரிழிவு நம் சமூகத்தினரின் பார்வையை எவ்வாறு பாதிக்கிறது என்பது போன்ற கேள்விகளை அதிலிருந்தே ஆராயலாம். ஆனால், விண்ணப்பிக்குமுன் உங்களுக்குத் தேவையான அளவீடுகள் அதில் உண்டா என்று பார்த்து, தரவை வைத்திருப்போரின் ஒப்புதல் கடிதத்தையும் வாங்கிவிடுங்கள். அது இல்லாத விண்ணப்பம், என் பார்வையில், அரைகுறைதான். செலவுத் திட்டத்தில் புள்ளியியலாளரின் சம்பளத்தைக் குறைத்துக் காட்டாதீர்கள்.